விழுதலும் பிழைத்தலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், தேவராவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பேசுவோர் உளர். சமயம் பேசுவோர் உளர். அவர்கள் வரிசையில் நின்று பேசும் தகுதி எனக்கு இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, என் தந்தையார் பணிக்காலத்திலேயே காலமானமையால் இரயில்வேயில் எழுத்தனாகச் சேர்ந்தவன் நான். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்சல்களை எடைபோட்டுச் சீட்டெழுதுவதே என் தொழில். “உமக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசும்” என்று செயலாளர் அவர்கள் கட்டளையிட்டபொழுது, எனக்குத் தெரிந்தது எது என்று ஓர் இரவு முழுதும் எண்ணினேன். பொருள்கள் கீழே விழுவதும், சில உடைவதும், சில பிழைப்பதும் எனக்குத் தெரியும். ஆதலின், நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இன்று ஏதோ ஒரு வடிவில் இருக்கின்ற காமிரா என்னும் கருவி கீழே விழுந்தால் என்ன ஆகிறது, அது பிழைப்பது எதனால் என்பதைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். இதனுள் என் வீட்டுக் கதை ஒன்றும் வரும். அதைச் சொல்ல எனக்குச் சிறிது வெட்கந்தான். எனினும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலில் விழுதல் என்றால் என்ன என்று பார்ப்போம். ‘மேலேயிருந்து விழுந்தது, ஆதலால் உடைந்தது’ என்று நாம் சொல்கிறோம். உண்மையில் விழுவதால் எதுவும் உடைவதில்லை. விழுந்துகொண்டிருக்கும் வரையில் பொருளுக்கு ஒரு தீங்கும் இல்லை. திடீரென்று நிறுத்தப்படுவதுதான் அதை உடைக்கிறது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நம் இடுப்பளவு உயரத்திலிருந்து, ஒரு பொருள் கீழே வர அரை விநாடிகூட ஆவதில்லை. தரையைத் தொடும்பொழுது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர்தான். நிதானமாக மிதிவண்டி ஓட்டுவோர் செல்லும் வேகம் அது. அந்த வேகத்தை எவ்வளவு தொலைவுக்குள் நிறுத்துகிறோம் என்பதிலேதான் எல்லாம் இருக்கிறது.

இதற்குக் கணக்கு மிக எளிது. விழுந்த உயரத்தை, நின்ற தொலைவால் வகுத்துப் பாருங்கள். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்த பொருளைக் கடினமான தரை ஒரே மில்லிமீட்டருக்குள் நிறுத்திவிட்டால், அக்கணத்தில் அப்பொருள் தாங்கும் விசை அதன் எடையைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அரைக் கிலோ எடையுள்ள காமிரா ஒன்றின்மேல் 500 கிலோவை ஒரு கண் இமைப்பில் ஏற்றி இறக்கியது போன்றது அது. அதே காமிரா பத்து மில்லிமீட்டர் அமுங்கிக் கொடுக்கும் ஓர் உறைக்குள் இருந்து விழுந்தால், ஆயிரம் மடங்கு நூறு மடங்காகக் குறைந்துவிடும். 500 கிலோ 50 கிலோவாகிவிடும். உயரம் அதேதான், தரையும் அதேதான். இடையில் ஒரு சென்டிமீட்டர் மென்மை இருந்தது என்பதுதான் வேறுபாடு.

பார்சல் அலுவலகத்தில் இந்த உண்மையை நான் நாள்தோறும் காண்கிறேன். கண்ணாடிக் கிண்ணத்தின் படமும் ‘கவனம்’ என்ற எழுத்தும் பெரிதாக ஒட்டப்பட்ட பெட்டிகள் உள்ளே நொறுங்கிக் கிடந்ததுண்டு. யாதொரு எழுத்தும் இல்லாமல், வைக்கோலில் நன்றாகப் பொதிந்து வந்த பீங்கான் ஒரு கீறலும் இன்றிச் சேர்ந்ததுண்டு. எழுத்து பொருளைக் காப்பதில்லை, வைக்கோல் காக்கிறது. இரயில்வேயின் முன்னோர்களும் இதை அறிந்தே இருந்தனர். பழைய பெட்டிகளின் இரு முனைகளிலும் வட்டத் தட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பஃபர் என்போம். இரண்டு பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டும்பொழுது, அத்தட்டுகள் உள்வாங்கிக் கொடுத்து அதிர்ச்சியைத் தாமே ஏற்றுக்கொள்ளும். ஒரு காலத்தில் பயணிகள் வண்டிகள் வந்து நின்ற வில்லிங்டன் தீவின் ஹார்பர் டெர்மினஸ் நிலையத்தில்தான் என் தந்தையார் பணிபுரிந்தார். “இந்தப் பஃபர்தான் பெரிய மனுசன், அடியைத் தான் வாங்கிக்கிட்டு அடுத்தவனைக் காப்பாத்துது” என்று அவர் சொல்வார். சிறுவனாக இருந்தபொழுது அதை வேடிக்கைப் பேச்சென்றே நான் எண்ணினேன்.

இனிக் காமிராவுக்கு வருவோம். மற்றப் பொருள்களினும் காமிரா விழுவதற்கு ஏன் இவ்வளவு அஞ்ச வேண்டும்? அதன் உள்ளே இருப்பது அளவு. லென்ஸுக்கும், பிம்பம் விழும் தளத்துக்கும் இடையே உள்ள தொலைவு துல்லியமாக இருக்க வேண்டும். நிக்கான் நிறுவனம் 1959ஆம் ஆண்டு வெளியிட்ட ‘எஃப்’ என்னும் காமிராவில், லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து படச்சுருள் இருக்கும் தளம் வரை 46.5 மில்லிமீட்டர் என்று வகுத்தார்கள். இதில் ஒரு தலைமயிர் அளவு மாறினாலும் படத்தின் கூர்மை கெட்டுவிடும். ஆகையால் விழுந்த காமிரா வெளியே முழுமையாகத் தோன்றலாம். விசையை அழுத்தினால் ஓசையும் வரலாம். ஆனால் எடுக்கும் படமெல்லாம் மங்கலாகவோ, ஒரு பக்கம் தெளிந்தும் மறுபக்கம் கலங்கியும் இருக்கலாம். உடைந்தது கண்ணுக்குத் தெரிந்தால் நன்று. தெரியாத உடைவுதான் ஏமாற்றும்.

என் தந்தையார் வைத்திருந்தது அக்பா கிளிக் 3 என்னும் காமிரா. பரோடாவில் செய்யப்பட்டு, இந்நாடெங்கும் நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு வந்த கருவி அது. ஒரு சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள் எடுக்கலாம். எங்கள் குடியிருப்பில் அக்காலத்தில் நடந்த காதுகுத்து, பூப்பு நீராட்டு, திருமணம் ஆகியவற்றின் படங்களுள் பல அதனால் எடுக்கப்பட்டவையே. அந்தக் காமிரா மூன்று முறை விழுந்ததாக என் தாயார் கணக்குச் சொல்வார். தேவராப் படகுத் துறையின் படியில் ஒரு முறை. வெண்டுருத்திப் பாலத்தில் மிதிவண்டியிலிருந்து ஒரு முறை. பரணிலிருந்து ஒரு முறை. மூன்று தழும்புகளோடு அது இன்றும் என் வீட்டில் இருக்கிறது; விசையை அழுத்தினால் ‘கிளிக்’ என்கிறது.

அது பிழைத்தது எதனால்? மூன்று காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன. முதலாவது, அதனுள் உடையக் கூடியவை மிகச் சில. குவியத்துக்காகத் திருப்பும் வளையம் இல்லை, மின்கலம் இல்லை, முன்னும் பின்னும் நகரும் குழல் இல்லை. இரண்டாவது, சில அடிகளுக்கு அப்பால் உள்ளவை எல்லாம் ஓரளவு தெளிவாக விழும்படி நிலையான குவியத்தோடு அது அமைக்கப்பட்டிருந்தமையால், சிறிய அளவு மாற்றத்தை அது பொறுத்துக்கொண்டது. மூன்றாவது, என் தந்தையார் அதைத் தோலுறையில்லாமல் வெளியே எடுத்ததே இல்லை. மூன்று முறையும் தரையில் மோதியது உறைதான், காமிரா அன்று.

இதைக் கேட்டவுடன், “பழைய பொருள்களெல்லாம் உறுதி, புதியவையெல்லாம் சோப்புக் குமிழி” என்று முடிவு கட்ட வேண்டா. நானும் நெடுநாள் அவ்வாறே சொல்லித் திரிந்தேன். பின்னர் ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். நம் அலமாரியில் இருக்கும் பழைய காமிராக்கள் பிழைத்தவை. பிழைக்காதவை எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. அவற்றை நாம் காண்பதில்லை. பிழைத்தவற்றை மட்டும் பார்த்துவிட்டு அக்காலத்துக் கருவிகளெல்லாம் அழியா வரம் பெற்றவை என்பது, நூறு வயது வாழ்ந்த ஒரு பாட்டியைப் பார்த்துவிட்டு அக்காலத்தில் எவரும் இளமையில் இறக்கவில்லை என்பது போன்றது.

சொல்லப் போனால், காமிரா பிறந்த காலத்தில் உடைதல் என்னும் அச்சமே பெரிதாக இருந்தது. அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில்தான் பலர் படம் பதித்தனர். சென்னை அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்பவர், 1857ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 1858 வரை சீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை எனத் தமிழகத்தின் ஊர்களைப் படமெடுத்துச் சுற்றினார். அன்று இருப்புப்பாதை அவ்வூர்களை எட்டவில்லை. மாட்டு வண்டிதான் துணை. அவர் பெரும்பாலும் மெழுகேற்றிய காகிதத்திலேயே தம் நெகட்டிவ்களை எடுத்தார். காகிதம் மடங்கும், கசங்கும். ஆனால் வண்டி குலுங்குவதால் நொறுங்காது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டை 1858இல் இருபத்தொரு நெகட்டிவ்களாக எடுத்து, அவற்றை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அவர் ஆக்கினார். நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அப்படத்தை நாம் காண்கிறோம். உறுதியான பொருளைவிட, வளைந்து கொடுக்கும் பொருள் நீண்ட வழி செல்லும் என்பதற்கு இஃதொரு சான்றன்றோ!

இன்றைய நிலையைப் பார்ப்போம். இன்று காமிரா என்பது பெரும்பாலோர்க்குக் கைப்பேசியினுள் இருப்பது. அதன் முகம் முழுதும் கண்ணாடி. அக்கண்ணாடியை வலுவாக்க ஓர் அழகிய வழி கண்டிருக்கிறார்கள். ஏறத்தாழ 400 பாகை வெப்பத்தில் உருகிய பொட்டாசிய உப்பில் கண்ணாடியை மூழ்க வைப்பார்கள். மேற்பரப்பில் உள்ள சிறிய சோடியம் அயனிகள் வெளியேற, அவற்றின் இடத்தில் பருத்த பொட்டாசியம் அயனிகள் வந்து நெருக்கி அமர்கின்றன. நால்வர் அமரும் இருக்கையில் அறுவர் நெருக்கி அமர்ந்தால் அந்த வரிசை எப்படி இறுகுமோ, அப்படிக் கண்ணாடியின் மேற்பரப்பு இறுகிவிடுகிறது. விரிசல் ஒன்று உட்புக முயன்றால் அந்த இறுக்கத்தை முதலில் வெல்ல வேண்டும். ஆயினும் கூரிய கல்லொன்று அந்த இறுக்கத்தின் ஆழத்தைத் தாண்டிக் கீறிவிட்டால், பின்னர் எளிதில் உடைந்துவிடும். ஆகவேதான் வழுவழுப்பான தரையில் பலமுறை விழுந்து பிழைத்த கைப்பேசி, ஒரு நாள் சரளைக் கல்லில் சிறிது உயரத்திலிருந்து விழுந்து நொறுங்குகிறது.

‘படைத்துறைத் தரச் சோதனையில் தேறியது’ என்று விளம்பரம் செய்யப்படும் கருவிகளையும் நீங்கள் கடைகளில் கண்டிருப்பீர்கள். அமெரிக்கப் படைத்துறையின் ‘மில்-எஸ்டிடி-810’ என்னும் தர நெறியைத்தான் அது குறிக்கும். அதில் நெடுங்காலம் வழங்கிய விழுதல் சோதனை பார்சல்காரனாகிய எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பெட்டிக்கு முகங்கள் ஆறு, விளிம்புகள் பன்னிரண்டு, மூலைகள் எட்டு, ஆக இருபத்தாறு. ஒவ்வொன்றும் கீழ்நோக்கி இருக்குமாறு 48 அங்குல உயரத்திலிருந்து இருபத்தாறு முறை போடுவார்கள். ஆனால் கவனியுங்கள்: போடுவது காங்கிரீட்டின்மேல் வைத்த இரண்டு அங்குலக் கனமுள்ள ஒட்டுப்பலகையின்மேல். அன்றியும், இருபத்தாறு அடிகளையும் ஒரே கருவி வாங்க வேண்டும் என்பதில்லை. ஐந்து கருவிகள் வரை பங்கிட்டுக்கொள்ளலாம். நம் வீட்டு மொசைக் தரை ஒட்டுப்பலகை அன்று; நம்மிடம் ஐந்து கருவிகளும் இல்லை. ஆதலின் அந்த முத்திரையை முழுதும் நம்பியிருத்தல் கூடாது.

இனி, சொல்ல வெட்கமாக இருக்கிறது என்றேனே, அந்தக் கதை.

2012ஆம் ஆண்டு, சேமித்த பணத்தில் ஒரு டிஜிட்டல் காமிரா வாங்கினேன். 2018ஆம் ஆண்டுத் தீபாவளியன்று அதனால் என் தாயாரையும் என் மகளையும் சேர்த்துப் படம் எடுத்தேன். ஆச்சியின் மடியில் பேத்தி சாய்ந்திருக்க, இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தனர். அடுத்த மாதம் என் தாயார் காலமானார். படங்களை வேறெங்கும் படி எடுத்து வைக்கவில்லை. நாளை செய்யலாம், நாளை செய்யலாம் என்று விட்டிருந்தேன்.

2019ஆம் ஆண்டுப் பொங்கல் எங்கள் வீட்டில் பால் பொங்காத பொங்கல். அன்று மாலை என் மகள், அப்பொழுது எட்டு வயது, நாற்காலி போட்டு ஏறி அலமாரியிலிருந்து காமிராவை எடுத்து விசையை அழுத்தியிருக்கிறாள். லென்ஸ் குழல் வெளியே நீண்ட நிலையில் காமிரா அவள் கையிலிருந்து நழுவி, குழல் முன்னாக மொசைக் தரையில் விழுந்தது. ஓசை கேட்டு ஓடி வந்தேன். குழல் கோணிக்கொண்டு நின்றது. திரை இருண்டிருந்தது. என் தாயாரின் முகமே அதற்குள் உடைந்துவிட்டதாக எனக்குத் தோன்றிற்று. குழந்தையை அடித்துவிட்டேன்.

அவள் அழவில்லை. இரவில் அவளுடைய தாயிடம், “ஆச்சியைப் பார்க்கத்தான் எடுத்தேன்” என்று சொன்னாளாம்.

அதன்பின் மூன்று வாரங்கள் அந்தக் குழந்தை வீட்டில் எப்பொருளையும் தானாக எடுக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் குவளையின் அருகே சென்று நின்றுகொண்டு, தாயைப் பார்ப்பாள். நான் உள்ளே வந்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

மூன்று வாரங்கள் கழித்து, செம்மை செய்பவர் ஒருவரிடம் காமிராவைக் கொண்டு சென்றேன். அவர் திறந்து பார்த்தார்; குழலை நகர்த்தும் பற்சக்கரங்கள் முறிந்துவிட்டன, செம்மை செய்யும் செலவு காமிராவின் மதிப்பைவிட மிகுதியாகும் என்றார். பின்னர், “படங்களுக்கு என்ன?” என்று வியப்போடு கேட்டு, அடியிலிருந்த சிறு கதவைத் திறந்து மெமரி கார்டை உருவித் தம் கணிப்பொறியில் இட்டார். ஒன்றுகூடக் குறையாமல் எல்லாப் படங்களும் இருந்தன. ஆச்சியும் பேத்தியும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்பர்களே! அந்தக் கார்டின் எடை ஏறத்தாழ இரண்டு கிராம். முன்னே சொன்ன கணக்கை அதற்கும் போட்டுப் பாருங்கள். ஆயிரம் மடங்கு என்றாலும் இரண்டு கிலோதான். உள்ளே அசையும் உறுப்பு ஒன்றும் இல்லை. காமிரா முறிந்த அந்த அடி, கார்டுக்கு ஓர் அடியே அன்று. படத்துக்கு ஒரு நாளும் தீங்கு நேரவில்லை. தீங்கு நேர்ந்தது குழந்தைக்கு. அது தரையால் நேர்ந்ததன்று, என்னால் நேர்ந்தது. வள்ளுவப் பெருந்தகை வெகுளாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்திருப்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவன் நான். ஆனால் வேண்டிய நேரத்தில் அது என்னிடம் இல்லை. பஃபர்தான் பெரிய மனிதன் என்று என் தந்தையார் சொன்னதன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கிற்று. குழந்தைக்கும், விழுந்துவிட்ட பொருளுக்கும் இடையே அமுங்கிக் கொடுக்க வேண்டிய நான், மொசைக் தரையாக நின்றேன்.

இதைச் சொல்லும்பொழுது, விழுவதற்கென்றே அனுப்பப்பட்ட ஒரு காமிரா என் நினைவுக்கு வருகிறது. 2008ஆம் ஆண்டு நம் நாடு சந்திரயான் 1 என்னும் கலத்தை நிலவுக்கு அனுப்பியதும், அதன் திட்ட இயக்குநர் பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை என்பதும் நாம் பெருமையோடு அறிந்தவை. அவ்வாண்டு நவம்பர் 14ஆம் நாள், மூவர்ணக் கொடி பொறித்த ஒரு சிறு பெட்டியை அக்கலம் 100 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நிலவின் தென்முனைப் பகுதியை நோக்கி விடுத்தது. அதனுள் ஒரு காமிராவும் இருந்தது. ஏறத்தாழ 25 நிமிடங்கள் விழுந்துகொண்டே அது படமெடுத்தது. எடுத்த படத்தை உடனுக்குடன் மேலே இருந்த தாய்க்கலத்துக்கு அனுப்பியது. பின்னர் நிலவில் மோதி நொறுங்கியது. அந்தக் காமிராவைக் காக்க எவரும் முயலவில்லை. ஆயினும் அதன் படங்கள் பிழைத்தன. ஏனெனில் விழுந்து முடியுமுன்பே அவை வேறோர் இடத்துக்குச் சென்று சேர்ந்திருந்தன. அறிவியலார் அறிந்த இந்த உண்மையை, ‘நாளை செய்யலாம்’ என்றிருந்த நான் அறியவில்லை.

இனி, நம் குடும்பங்களுக்குப் பயன்படும் சில செய்திகளைத் தொகுத்துக் கூறுகிறேன்.

முதலாவது, வார். காமிராவின் வாரைக் கழுத்திலோ மணிக்கட்டிலோ மாட்டிய பின்னரே விசையைத் தொட வேண்டும். விழாத பொருளுக்கு மருந்து வேண்டா. குழந்தைகளுக்கும் ‘தொடாதே’ என்று கற்பிப்பதைவிட, ‘வாரை மாட்டிக்கொண்டு தொடு’ என்று கற்பிப்பது நன்று.

இரண்டாவது, உறை. அமுங்கிக் கொடுக்கும் உறையாக இருத்தல் வேண்டும். அழகுக்குப் போடும் கடினமான ஓடு உறையாகாது. கைப்பேசியாயின், தரையில் குப்புற வைத்தால் கண்ணாடி தரையைத் தொடாதவாறு உறையின் விளிம்பு சற்றே உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, நீளும் குழலுள்ள காமிராவைப் படமெடுத்து முடிந்தவுடன் அணைத்து, குழல் உள்ளே சென்ற பின்னரே பிறர் கையில் கொடுக்க வேண்டும். பல காமிராக்கள் கை மாறும்பொழுதுதான் விழுகின்றன.

நான்காவது, விழுந்த பின் பதற்றத்தோடு விசையைத் திரும்பத் திரும்ப அழுத்துதல் கூடாது. முறிந்த பற்சக்கரம் மேலும் முறியும். மின்கலத்தை எடுத்துவிட்டு, கார்டைத் தனியே எடுத்து வையுங்கள். படச்சுருள் உள்ள பழைய காமிராவாயின், வெளிச்சத்தில் பின்கதவைத் திறக்காதீர்கள். திறந்தால் விழுந்தது கெடுக்காததை வெளிச்சம் கெடுத்துவிடும். செம்மை செய்த பின், முக்கியமான நிகழ்ச்சிக்கு எடுத்துச் செல்லுமுன் ஒரு செங்கல் சுவரை நேராக நின்று படமெடுத்துப் பாருங்கள். நான்கு மூலைகளிலும் செங்கல் கோடுகள் ஒரே தெளிவாக இருந்தால் லென்ஸ் நேராக இருக்கிறது என்று பொருள்.

ஐந்தாவது, படி எடுத்து வைத்தல். ஒரே வீட்டில் இரண்டு படி வைப்பதும் போதாது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதப் பெருவெள்ளத்தில், ஆலுவாப் பக்கத்தில் வீடு முழுதும் நீரில் மூழ்கியவர்கள் ஆல்பங்களை வெயிலில் உலர்த்தியதை நாம் கண்டோம். ஒரு படி இங்கும், ஒரு படி ஊரில் உள்ள உறவினரிடமும் இருக்கட்டும்.

ஆறாவதாக ஒன்றை, இரயில்வே ஊழியன் என்ற முறையில் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். நாம் எல்லோரும் கோடை விடுமுறைக்கும் திருவிழாவுக்கும் இரயிலேறி ஊர் செல்பவர்கள். வண்டியின் வாயிலில் நின்று படமெடுக்காதீர்கள். கைப்பேசி வெளியே விழுந்துவிட்டால் அதன்பின் இறங்கவோ குதிக்கவோ முயலாதீர்கள். அபாயச் சங்கிலியையும் இழுக்காதீர்கள். தக்க காரணமின்றிச் சங்கிலி இழுத்தால், 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டப்படி ஓராண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. தண்டவாளத்தின் ஓரமாக உள்ள மின்கம்பங்களில் எண்கள் எழுதியிருக்கும். விழுந்த இடத்துக்கு அருகில் உள்ள கம்பத்தின் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, 139 என்ற எண்ணுக்கு வேறொருவர் கைப்பேசியிலிருந்து பேசி, வண்டி எண்ணையும் இருக்கை எண்ணையும் சொல்லுங்கள். கிடைத்தால் கிடைக்கட்டும், கிடைக்காவிட்டால் போகட்டும்.

போர்க்களத்தில் படமெடுத்த டான் மெக்கல்லின் என்னும் ஆங்கிலேயருக்குக் கம்போடியாவில் வந்த துப்பாக்கிக் குண்டை அவருடைய நிக்கான் காமிரா தாங்கிக்கொண்டது. காமிரா பாழாயிற்று, மனிதர் பிழைத்தார். எப்பொழுதும் அவ்வாறு நிகழ்வதில்லை. நம் கேரள நாட்டில், மலையாள மனோரமா இதழின் புகழ்பெற்ற புகைப்படக்காரர் விக்டர் ஜார்ஜ், 2001ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் இடுக்கி மாவட்டத்து மலையில் நிலச்சரிவைப் படமெடுக்கும்பொழுது அச்சரிவிலேயே உயிர் துறந்தார். கடமையின் பொருட்டு உயிர் ஈந்த அவரை வணங்குவோம். நமக்கோ அத்தகைய கடமை ஒன்றும் இல்லை. திருவிழாப் படத்துக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டா.

பெரியோர்களே! பிழைப்புக்காகப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள் நாம். நம் பிள்ளைகள் பார்த்திராத பாட்டன்மார், மூடப்பட்ட ஊர் வீடு, நெல்லையிலும் தென்காசியிலும் விட்டு வந்த முற்றங்கள் ஆகியவை இவர்களுக்குப் படங்களாகத்தான் தெரியும். ஆகவே காமிராவைக் காப்பது நமக்குச் சிறிய செயல் அன்று. ஆனால் அந்தப் படங்களை யாருக்காகக் காக்கிறோமோ, அந்தக் குழந்தைகளின் கை நடுங்கும்படி காத்தல் கூடாது.

அந்த மூன்று வாரங்களுக்குப் பின் என் மகளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். தகப்பன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதா என்று என் உறவினர் சிலர் சிரித்தனர், சிரிக்கட்டும். மன்னிப்புக் கேட்ட அன்றே அவள் கைகள் முன்னால் வந்துவிடவில்லை. பல மாதங்கள் ஆயின. இப்பொழுது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். இந்த விழாவுக்குப் படமெடுக்கும் பொறுப்பைச் சங்கத்தார் அவளிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அதோ, மேடைக்குக் கீழே வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். அவளையறியாமல் அந்தக் காமிரா என்றேனும் விழுந்தால், முதலில் “உனக்கு அடிபட்டதா?” என்று கேட்க வேண்டும் என்பதை இந்தச் சபையின் முன் எனக்கு நானே நினைவூட்டிக்கொள்கிறேன்.